கோழி கூடடையும் வேளை

(மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அன்றுதொட்டு இன்றுவரை, கிராம வளர்ச்சி என்றவுடன் சாலை, பாலம், குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம் ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. இவை யாவும் இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு குடும்பத்தின் நலம் சில வேளைகளில் மிகச் சிறியதொரு செயலைப் பொறுத்து நிற்பதுண்டு. அந்தி மயங்கும் நேரத்தில் கோழிக்கூண்டின் கதவைச் சாத்தித் தாழிடுவது அத்தகைய செயல்களுள் ஒன்றாகும். அக்கதவைப் பற்றியும், அதனுள் கோழி தானே விரும்பி வந்து அடைவதற்குரிய வழிகளைப் பற்றியுமே இன்று உங்களிடம் பேச விரும்புகிறோம்.

“கோழியை அடைப்பதற்கும் ஓர் உரை வேண்டுமா? இது யாருக்குத் தெரியாது?” என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அங்ஙனமாயின், நம் ஊர்களில் பொழுது சாய்ந்த பின் ஒரு முறை சுற்றிவந்து பாருங்கள். கூண்டு வெறுமையாய்க் கிடக்கும். கோழிகள் முருங்கைக் கிளையிலும், தொழுவத்தின் குறுக்குக் கழியிலும், வண்டிப் பட்டையிலும் உட்கார்ந்திருக்கும். பணம் செலவிட்டுச் செய்த கூண்டு விறகு அடுக்கும் இடமாகப் பயன்படுவதும் உண்டு. இதற்குக் காரணம் என்ன என்பதை ஆராய்வது நம் கடமையன்றோ?

ஓர் இரவின் இழப்பு

புறக்கடைக் கோழியின் வருவாய் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கே நேரே வந்து சேருகிறது. நெல் விற்ற பணமும் கரும்பு விற்ற பணமும் கடனுக்கும் உரத்திற்கும் போய்விடும். முட்டை விற்ற காசோ தாயின் சிறுவாட்டில் தங்கி, பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவும் அவசர நேரத்து மருந்தாகவும் மாறுகிறது. விற்காத முட்டை குழந்தையின் வயிற்றுக்கு உணவாகிறது. நாட்டுக்கோழி ஒன்று ஆண்டில் மூன்று நான்கு தவணைகளாக 60 முதல் 80 முட்டைகள் வரை இடும். அதுவே அடைகாத்துக் குஞ்சு பொரித்து, அவற்றைப் பருந்திடமிருந்து காத்து வளர்த்தும் தருகிறது. ஆகவே, தாய்க்கோழி ஒன்று போனால் ஒரு கோழியின் விலை மட்டும் போயிற்று என்று கணக்கிடுதல் பொருந்தாது. ஓர் ஆண்டின் முட்டையும், வரவிருந்த குஞ்சுகளும் உடன் போயின என்றே கொள்ளுதல் வேண்டும்.

இவ்விழப்பு பெரும்பாலும் இரவில்தான் நேர்கிறது. காட்டுப்பூனை, நரி, தெருநாய், மரநாய், பெருச்சாளி, பாம்பு ஆகிய யாவும் இருளில் இரை தேடுவன. மரத்தில் அடைந்தால் கோழிக்குத் தீங்கில்லை என்று நம்புவோர் பலர். மரநாய்க்கு மரமே வழி என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கூண்டிற்குள் அடைந்தும் கதவு சாத்தப்படாத கோழிகளின் நிலையோ இன்னும் இரங்கத் தக்கது. மரத்திலிருக்கும் கோழி பறந்து விழுந்தேனும் தப்ப முயலும். திறந்த கூண்டினுள் நுழைந்த நாயோ பூனையோ ஒரு கோழியோடு நிற்பதில்லை. படபடத்து அலையும் கோழிகளை ஒவ்வொன்றாகக் கடித்துப் போட்டுவிடுவதும் உண்டு. எனவே, கூண்டு கட்டுவது பாதி வேலையே; கதவைச் சாத்துவது மறு பாதி.

கோழியின் இயல்பு

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்று அறிஞர் கூறுவர். நம் மலைக்காடுகளில் காணும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி அதற்கு நெருங்கிய உறவுடைய வேறோர் இனம். காட்டுக்கோழிகள் பகலெல்லாம் தரையில் கிளறி மேய்ந்து, பொழுது சாயும்போது மரக்கிளைக்கு ஏறிவிடும். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்தும், வீட்டுக்கோழி இவ்வியல்பை விடவில்லை. இரவில் உயரமான இடத்தில், கால்விரலால் எதையேனும் பற்றிக்கொண்டு உட்காரவே அது விரும்புகிறது.

இரண்டாவதாக, கோழியின் கண் பகலொளிக்கு அமைந்தது. மங்கிய ஒளியில் அதன் பார்வை மிகவும் குறைந்துவிடுகிறது. ஆதலின் பார்வை மங்குமுன் இடம் பிடித்துக்கொள்ள அது விரைகிறது. அவ்வேளையில் கூண்டினுள் வெளியைவிட மிகுந்த இருள் இருக்குமானால், கோழி வாயிலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இன்று நம் தெருக்களில் மின்விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. விளக்கொளி படும் மரமும் இருண்ட கூண்டும் அருகருகே இருந்தால், கோழி எதனைத் தேர்ந்துகொள்ளும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவதாக, கோழிக் கூட்டத்தில் மூத்தது இளையது என்னும் ஒழுங்கு உண்டு. எது எதைக் கொத்தலாம், எது எதற்கு விலக வேண்டும் என்னும் இவ்வொழுங்கினை 1920-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப்-எப்பே என்பவர் ஆராய்ந்து விளக்கினார். நம் கிராமத்துத் தாய்மார்கள் இதனை நாள்தோறும் கண்ணால் கண்டு வருகிறார்கள். வலிய கோழி ஒன்று கூண்டின் வாயிலில் நின்றுகொண்டால், எளிய கோழிகள் அன்றிரவு வெளியேதான் தங்கும்.

கோழி கூண்டிற்குள் வர மறுக்கிறதென்றால், அது பிடிவாதம் அன்று. கூண்டில் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கோழியைத் தடி கொண்டு விரட்டுமுன், கூண்டினுள் தலையை நீட்டி நாமே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. உள்ளே வெப்பமா, நாற்றமா, இருளா, பூச்சியா, இடநெருக்கடியா என்பது அப்போதே விளங்கிவிடும்.

கூண்டு எவ்வாறு இருத்தல் வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு கோழிகளுக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரமுள்ள கூண்டு போதும். இரவில் தங்குவதற்கு மட்டும் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்பது கணக்கு. தரையிலிருந்து 2 அடி உயரத்தில், நான்கு கால்களின்மீது இக்கூண்டை நிறுத்துங்கள். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரே உள்ளே பாயாது. மூங்கில், பனஞ்சட்டம், கருவேலங் கம்பு ஆகிய எதனைக் கொண்டும் இதனை அமைக்கலாம்.

கூரைக்குத் தென்னங்கீற்றோ பனையோலையோ சிறந்தது. தகரக் கூரை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை அந்தியில் உள்ளே இறக்கும். கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து இளைத்தே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கூண்டை விட்டு அது மரத்தை நாடுவதில் வியப்பில்லை. தகரத்தைத்தான் போட வேண்டியிருப்பின், அதன்மேல் கீற்றைப் பரப்பிவிடுக. பக்கங்களின் மேற்பகுதியில் காற்றோட்டத்திற்கு இடம் விட்டு, அங்கே அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை அறைந்துவிடுங்கள். கண் பெரிதான வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி, பாம்பையும் பெருச்சாளியையும் வெளியே நிறுத்தாது.

இனி, உள்ளே உட்காரும் கம்பு. நம் கூண்டுகளில் பெரும்பாலும் இல்லாதது இதுவேயாகும். வெறுந்தரையில் படுக்க விரும்பாத கோழிக்கு, கம்பு இல்லாத கூண்டு கிளை இல்லாத மரம் போன்றது. ஒன்றரை முதல் 2 அங்குலம் பருமனுள்ள, முனை மழுங்கிய கம்புகள் இரண்டினைக் கூண்டின் நீளவாக்கில் கட்டுங்கள். பின்சுவருக்கு ஓர் அடி தள்ளி ஒன்றும், அதற்கு ஓர் அடி தள்ளி மற்றொன்றும் இருக்கட்டும். ஒரு கோழிக்கு 8 அங்குல இடம் வேண்டும். எனவே ஒரு கம்பில் ஆறு கோழிகள் உட்காரும். இரண்டு கம்புகளும் ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் மேலிடத்திற்காக நாள்தோறும் சண்டை நிகழும். முட்டையிடும் கூடையைக் கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள். உயரமாக வைத்தால் கோழிகள் அதிலேயே உறங்கி, எச்சமிட்டு, முட்டையைக் கெடுக்கும். வனராஜா போன்ற கனத்த இனங்களுக்குக் கம்பைச் சற்றுத் தாழ்வாகக் கட்டி, ஏறிச் செல்லக் குறுக்குச் சட்டம் அடித்த பலகை ஒன்றைச் சாய்த்துவிடுதல் நலம்.

பழக்கும் முறை

புதிதாக வாங்கிய கோழியை முதல் ஏழு முதல் பத்து நாட்களுக்கு வெளியே விடாதீர்கள். தீனியும் நீரும் கூண்டிலேயே வைத்து, வெயில் தாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் தன் வீடு என்பது அதன் நினைவில் பதிவதற்கு இந்நாட்கள் வேண்டும். பின்னர் முதலிரு நாட்கள் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னர் மட்டும் திறந்துவிடுங்கள். நெடுந்தொலைவு போக நேரமில்லாததால், இருள் கவியத் தொடங்கியதும் அது திரும்பி வந்துவிடும். அதன்பின் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிச் செல்லலாம்.

மாலைத் தீனியைக் கூண்டிற்குள் மட்டுமே போடுவது இரண்டாவது விதி. ஒரு கைப்பிடிக் கம்போ, சோளமோ, நொய்யோ போதும். “பா, பா” என்று எப்போதும் ஒரே குரலில் அழைத்துப் போடுங்கள். சில நாட்களில் குரல் கேட்டவுடன் கோழிகள் ஓடிவரும். முற்றத்தில் தீனியை இறைத்துவிட்டு, பிறகு கோழியைக் கூண்டிற்குள் விரட்டுவது கூலியை முன்னரே கொடுத்துவிட்டு வேலைக்கு அழைப்பது போன்றதாகும்.

மூன்றாவது விதி, கூண்டினுள் சிறு விளக்கு. பழகும் வரையில் அந்தியில் ஒரு மங்கலான விளக்கை உள்ளே வையுங்கள். எல்லாக் கோழிகளும் கம்பில் ஏறி அமர்ந்த பின்னரே அதனை அணைத்தல் வேண்டும். தரையில் நிற்கும்போது அணைத்துவிட்டால் அவை வழி தெரியாமல் மூலையில் குவிந்து நெரியும். ஓலைக் கூண்டில் எண்ணெய் விளக்கு கூடவே கூடாது. மின்கல விளக்கையே பயன்படுத்துக.

மரத்தில் அடைந்து பழகிய கோழிகளைத் திருத்துவதற்குப் பொறுமை வேண்டும். அந்தியில் விரட்டினால் அது இன்னும் உயரக் கிளைக்கு ஏறும். கூண்டென்றாலே அச்சமும் கொள்ளும். நன்றாக இருட்டிய பின் ஒளி குறைந்த விளக்குடன் சென்று, இரு கைகளாலும் இறக்கையோடு சேர்த்து மெல்லப் பற்றி எடுத்து, கூண்டினுள் கம்பின்மீது உட்கார வையுங்கள். இருளில் அது எதிர்ப்பதில்லை. ஓர் இரவும் தவறாமல் ஒரு வாரம் இதனைச் செய்தல் வேண்டும். நடுவில் ஒரு நாள் விட்டாலும் முன்னைய உழைப்பு வீணாகக்கூடும். அவ்வாரத்தில் காலையில் சற்றுத் தாழ்த்தித் திறந்துவிட்டால் முட்டையையும் அது கூண்டிலேயே இட்டுப் பழகும். மரத்தின் அடியில் வழுக்கும் தகரத்தைச் சுற்றி, சாய்ந்த கழிகளையும் விறகுக் குவியலையும் அப்புறப்படுத்தினால் ஏறும் வழி குறையும். ஓர் இறக்கையின் நுனி இறகை நறுக்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. நறுக்கிய கோழி நாய் துரத்தும்போதும் பறக்க இயலாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தாயின்றி வளர்ந்த குஞ்சுகள்

இதனை நீங்கள் சிறப்பாகக் கருத வேண்டும். அரசு மானியத்தில் மகளிருக்கு வழங்கப்படும் குஞ்சுகள் பொரிப்பகத்தில் பொரித்து, விளக்கின் வெம்மையில் வளர்ந்து, ஏறக்குறைய நான்கு வார வயதில் உங்கள் கைக்கு வருகின்றன. அவை தாய்க்கோழியைக் கண்டதில்லை. “பொழுது சாய்ந்தது, வாருங்கள்” என்று அழைத்துச் செல்ல அவற்றிற்கு ஒருவரும் இருந்ததில்லை. எனவே அந்தியில் அவை கூண்டின் வெளியே சுவர் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து உட்கார்ந்துவிடும். இக்குஞ்சுகளை வாங்கிய முதல் வாரத்திலேயே பறிகொடுத்துவிட்டு, “திட்டத்தால் பயனில்லை” என்று மனம் நொந்தவர்கள் உண்டு. அவர்கள் மனக்குறையில் நியாயம் உள்ளது. குஞ்சைக் கொடுக்கும்போதே அடையப் பழக்கும் முறையையும் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஊழியர்களாகிய நம் பொறுப்பு.

இக்குஞ்சுகளுக்கு அந்தத் தாயின் வேலையை நீங்களே செய்தல் வேண்டும். தரையிலிருந்து அரையடி உயரத்தில் மெல்லிய கம்பு ஒன்றைக் கட்டி, வந்த நாள் முதலே ஏறி இறங்கப் பழக்குங்கள். இளமையில் கம்பில் ஏறப் பழகியவை வளர்ந்தபின் எளிதில் ஏறும். முதிய பேட்டுக்கோழி ஒன்று, கூண்டில் அடையும் நல்ல பழக்கமுடையதாக இருந்தால், குஞ்சுகள் சற்று வளர்ந்த பின் அதனை உடன் விடுங்கள். அது முன்னே செல்ல, இவை பின்னே செல்லும். புதியவற்றைப் பழைய கூட்டத்தோடு சேர்ப்பது இரவில், எல்லாம் உறங்கிய பின் நிகழட்டும்.

தாயோடு இருக்கும் குஞ்சுகளின் செய்தி வேறு. குஞ்சுள்ள கோழி கம்பில் ஏறாது. தரையிலேயே இறக்கையின்கீழ் குஞ்சுகளை அணைத்துக்கொள்ளும். இதற்கு நம் முன்னோர் கண்ட பஞ்சாரமே ஏற்றது. ஆனால் அதனை மண்தரையில் கவிழ்க்காமல், சிமிட்டித் தரையிலோ பலகையின்மீதோ கவிழ்த்து, மேலே கல்லை ஏற்றுங்கள். பெருச்சாளி மண்ணைத் தோண்டி உள்ளே புகும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

செள்ளும் உண்ணியும்

நெடுநாள் கூண்டில் நன்றாக அடைந்துவந்த கோழிகள் திடீரென மரத்தை நாடினால், பூச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செந்நிறச் செள்ளும், கோழி உண்ணியும் பகலில் கம்பின் அடியிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து கோழியின் குருதியை உறிஞ்சுகின்றன. பகலில் கோழியின் உடலைச் சோதித்தால் செள் ஒன்றும் தென்படாது. காலையில் ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்புறத்தைத் துடைத்துப் பாருங்கள்; துணியில் செந்நிறக் கறை பட்டால் செள் உள்ளதென்று பொருள். உண்ணி உணவின்றியே ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்க வல்லது. ஆகையால் கூண்டைச் சில மாதம் வெறுமையாகப் போட்டுவைத்துப் பயனில்லை. கம்புகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைத்து, வெடிப்புகளை அடைத்து, சுவர் முழுதும் சுண்ணாம்பு அடியுங்கள். அதற்கும் அடங்காவிடின் கால்நடை மருத்துவரைக் கேட்டு மருந்து தெளிக்க. வாரம் ஒரு முறை எச்சத்தை அள்ளி எருக்குழியில் சேர்த்து, தரையில் உமியோ மரத்தூளோ பரப்பினால் நாற்றமும் இராது. வயலுக்கு உரமும் ஆகும்.

கூண்டில் அடையும் கோழியால் வேறொரு நன்மையும் உண்டு. 1927-28-இல் இராணிக்கேத் என்னும் மலையூரில் கண்டறியப்பட்டு, அவ்வூரின் பெயரையே பெற்ற வெள்ளைக் கழிச்சல் நோய், புகுந்த ஊரில் கோழிகளைக் கூண்டோடு அழிக்க வல்லது. அதற்குத் தடுப்பூசி உண்டு. ஊசி போடும் நாளில் மரந்தோறும் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தால் பாதி தப்பிவிடும். கூண்டில் அடைந்த கோழியை விடியுமுன் ஒன்றுவிடாமல் பிடித்துவிடலாம். சோர்ந்து தனித்து நிற்கும் கோழி எது என்பதும் அந்தியில் எண்ணும்போதே தெரிந்துவிடும்.

அந்தியின் கடமை

இனி, நாள்தோறும் செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கிறோம். ஒன்று, தீனியிட்டு அழைப்பது. இரண்டு, எண்ணுவது. மூன்று, கதவைச் சாத்துவது. கதவுக்கு நாதாங்கி மட்டும் போதாது. நாய் மூக்கால் தள்ளித் திறந்துவிடும். தாழ்ப்பாளும் அதனூடே செருக ஒரு முளையும் வேண்டும். நேரத்தைக் கடிகாரத்தால் குறிக்காமல் சூரியனால் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் நவம்பரில் மாலை 5.40 மணி அளவில் மறையும் கதிரவன், ஜூலையில் 6.40 மணி அளவில்தான் மறைகிறது. மாலை 6.30-க்குச் சாத்துவோம் என்று ஆண்டு முழுதும் இருந்தால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கதவு இருட்டில் நெடுநேரம் திறந்தே கிடக்கும். கதிர் மறைந்த அரை மணிக்குள் தாழிடுதல் என்பதே எக்காலத்திற்கும் பொருந்தும் முறை.

அவ்வேளையில் நீங்கள் களையெடுத்துத் திரும்பிக்கொண்டிருக்கலாம். அடுப்பு மூட்டிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே இவ்வேலை தாய் ஒருத்தியின் தலையிலேயே விழ வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருக்கும் பாட்டனாரோ, பள்ளி விட்டு வந்த பிள்ளையோ இதனை ஏற்கலாம். இன்னார் வேலை என்று ஒருவரைக் குறித்துவிடுவது நன்று. எல்லாருடைய வேலையும் என்று விட்ட கதவுதான் திறந்து கிடக்கிறது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். கோழியைப் பறிகொடுத்த சினத்தில் நஞ்சு வைப்பதோ, வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதோ அறவே கூடாது. அது மனித உயிருக்கே தீங்காக முடியும். காட்டுப்பூனை, மரநாய் போன்றவற்றை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் காக்கிறது. பசித்து வரும் விலங்கிற்கு நம் கதவின் தாழ்ப்பாளே தக்க விடை.

உங்கள் குழுக் கூட்டங்களில் கடன், வட்டி, சேமிப்பு ஆகியவற்றைக் கணக்கெடுக்கிறீர்கள். இனி வரும் மாதத்தில் மற்றொரு கணக்கையும் எடுத்துப் பாருங்கள். நம் குழுவில் எத்தனை கூண்டுகளில் உட்காரும் கம்பு உண்டு? எத்தனை கதவுகளுக்குத் தாழ்ப்பாள் உண்டு? இரவில் இழந்த கோழிகள் எத்தனை? இம்மூன்றையும் எழுதி வைத்தால், எந்த வீட்டில் எந்தக் குறை என்பது விளங்கும். அதனைத் தீர்க்க ஒருவருக்கொருவர் கை கொடுக்கவும் வழி பிறக்கும். கம்பு வெட்டவும், கீற்று முடையவும் நம் ஊரில் தெரியாதவர் இல்லை. வேண்டுவது ஒரு நாள் உழைப்பும், அந்திதோறும் சில நிமிடக் கவனமுமே. உங்கள் கோழிகள் யாவும் கூடடைந்து, காலையில் எண்ணிக்கை குறையாமல் வெளிவரட்டும் என்று வாழ்த்தி அமைகிறோம்.